சிறுவயதில் கேட்ட சொல்லும் இன்றைய உடல்நலமும்

புறநோயாளர் பிரிவில் மருத்துவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் வழக்கமானவை. எத்தனை நாளாகத் தொல்லை, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா என்று கேட்போம். "சிறுவயதில் உங்களை வீட்டில் என்ன சொல்லித் திட்டுவார்கள்?" என்று கேட்பது வழக்கமில்லை. ஆயினும், ஒருவர் தமது வலியை எப்போது வெளியில் சொல்கிறார், மருத்துவரிடம் சந்தேகம் கேட்கிறாரா, மருந்தைத் தொடர்ந்து சாப்பிடுகிறாரா என்பவற்றை அந்தப் பழைய சொல் பல வேளைகளில் முடிவு செய்கிறது. இது நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி என்பதால் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

எத்தகைய சொற்கள்?

பிள்ளையைக் கண்டிக்காத வீடு இல்லை. கோபத்தில் என்றோ ஒருநாள் வாய்தவறி வந்த சொல்லைப் பற்றி இங்கே பேசவில்லை. நாள்தோறும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு, பின்னர் எவராலும் திருத்தப்படாமல் நின்றுவிட்ட சொற்களைப் பற்றியே பேசுகிறோம். "மக்கு", "வெளங்காத பய", "தண்டச்சோறு", "எதற்கும் லாயக்கில்லை", "நீ பிறந்த நேரம்தான் இப்படி ஆயிற்று" என்பன நம் பகுதியில் அன்றாடம் காதில் விழுபவை. திட்டுப் போலத் தோன்றாத சொற்களும் உண்டு. "பெரியப்பா மகனைப் பார், அவன் காலைக் கழுவிக் குடி" என்னும் ஒப்பீடு அத்தகையது. கலியாண வீட்டிலும் திருவிழாவிலும் உறவினர் கூடியிருக்கும்போது, "இவள் மட்டும் யாரைப் போல இப்படிக் கறுத்துப் போனாள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பதும், உடலைச் சுட்டும் பட்டப்பெயரை ஆயுள் முழுவதும் வைத்துக் கூப்பிடுவதும் அவ்வகையே. நிறத்தை வைத்துப் புண்படுத்தும் இவ்வழக்கத்தை எதிர்த்து, சென்னையைச் சேர்ந்த 'விமன் ஆஃப் ஒர்த்' என்னும் அமைப்பு 2009ஆம் ஆண்டில் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தையே தொடங்க வேண்டியிருந்தது.

நம் மாவட்டத்தில் பிழைப்புக்காக வெளிநாடு சென்ற தந்தையர் பலர். அவர்களின் பிள்ளைகளுள் சிலர் உறவினர் வீட்டில் வளர்ந்தவர்கள். அன்போடு வளர்த்தவர்களே மிகுதி. எனினும், "உன்னையும் சேர்த்து நாங்கள்தான் சுமக்கிறோம்" என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள்.

இது ஓரிரு குடும்பங்களின் கதை அன்று. இந்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளிடம் நேரில் கேட்டறியப்பட்ட அவ்வாய்வு, அவமானப்படுத்துதலையும் பிற பிள்ளைகளோடு ஒப்பிடுதலையும் மனத்துன்புறுத்தலாகக் கணக்கிட்டது. இரண்டு குழந்தைகளுள் ஒருவர் அத்துன்பத்துக்கு ஆளானதாகக் கூறினர். அவற்றுள் 83 விழுக்காட்டில் அதைச் செய்தவர்கள் பெற்றோரே. பெண் குழந்தைகளுள் 48.4 விழுக்காட்டினர் தாம் ஆணாகப் பிறந்திருக்கலாம் என்று எண்ணியதும் அவ்வாய்வில் பதிவாகியுள்ளது.

குழந்தை ஏன் அதை நம்புகிறது?

வளர்ந்தவர் ஒரு சொல்லைக் கேட்டால் அதை எடை போடுகிறார். சொன்னவர் களைப்பில் இருக்கிறாரா, கடன் தொல்லையில் பேசுகிறாரா, அவர் சொல்வதில் உண்மை உண்டா என்று பார்க்கிறார். ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்த ஆற்றல் இன்னும் வளரவில்லை. உணவு தருபவரும் பாதுகாப்பவரும் சொல்வது அதற்கு உலக உண்மை. "இது மரம், இது மாடு" என்று சொல்லிக்கொடுத்த அதே வாய் "நீ மக்கு" என்று சொன்னால், குழந்தை அதையும் பாடமாகவே ஏற்றுக்கொள்கிறது.

இதை வருந்தத்தக்க முறையில் மெய்ப்பித்த நிகழ்வு ஒன்று உண்டு. 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் நகர ஆதரவற்றோர் இல்லத்தைச் சேர்ந்த 22 பிள்ளைகளை வைத்துப் பேச்சியல் அறிஞர் வெண்டெல் ஜான்சனின் வழிகாட்டுதலில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. பேச்சில் எக்குறையும் இல்லாத 6 பிள்ளைகளிடம், "உனக்குத் திக்குவாய் தொடங்குகிறது, தவறின்றிப் பேச முடியாவிட்டால் பேசாதே" என்ற பொருள்பட மாதக்கணக்கில் சொல்லிவந்தார்கள். அப்பிள்ளைகள் திக்குவாயர் ஆகிவிடவில்லை. ஆனால் பேசுவதற்கே அஞ்சினர், கூச்சமடைந்தனர், வகுப்பில் வாய்திறக்கத் தயங்கினர். 2001ஆம் ஆண்டில் இது நாளிதழ் வழியே வெளிவந்ததும் அயோவா பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவித்தது. 2007ஆம் ஆண்டில் அம்மாநில அரசு 9,25,000 டாலர் இழப்பீடு தர உடன்பட்டது. எவரும் அப்பிள்ளைகளை அடிக்கவில்லை. சொல் மட்டுமே பயன்படுத்தப்பட்டது.

உடல் அதை எவ்வாறு ஏற்கிறது?

அச்சுறுத்தலை உணரும்போது மூளையின் அமிக்டலா என்னும் சிறு பகுதி எச்சரிக்கை எழுப்புகிறது. உடனே அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய சுரப்புகள் கூடுகின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உயர்கின்றன. பாம்பைக் கண்டு ஓடுவதற்கு இந்த ஏற்பாடு தேவை. ஆபத்து நீங்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் வீட்டுக்குள்ளேயே நாள்தோறும் அவமானத்தை எதிர்பார்த்திருக்கும் குழந்தைக்கு அந்த எச்சரிக்கை மணி அணைவதில்லை. வளரும் மூளை அதையே இயல்பாகப் பழகிக்கொள்கிறது. பின்னாளில் அலுவலகத்தில் மேலாளர் சற்றுக் குரல் உயர்த்தினாலும் உடல் பாம்பைக் கண்டதுபோல் நடந்துகொள்வதற்கு இதுவே காரணம்.

சொல் தரும் நோவு வெறும் கற்பனை அன்று. 2003ஆம் ஆண்டில் நவோமி ஐசன்பெர்கர் குழுவினர், கணினியில் நடந்த ஒரு பந்து விளையாட்டில் சிலரை வேண்டுமென்றே ஒதுக்கிவைத்து, அப்போது அவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தனர். உடல்வலி தரும் துயரத்தோடு தொடர்புடைய பகுதியே, ஒதுக்கப்பட்ட வேளையிலும் கூடுதலாக இயங்கியது. ஹார்வர்டைச் சேர்ந்த மார்ட்டின் டெய்ச்சர் குழுவினர் 2006ஆம் ஆண்டில் 18 முதல் 22 வயது வரையிலான 554 பேரிடம் நடத்திய ஆய்வும் குறிப்பிடத்தக்கது. பெற்றோரின் கடுஞ்சொற்களுக்கு மட்டும் ஆளானவர்களிடம் காணப்பட்ட மனநலப் பாதிப்பு, வீட்டில் வன்முறையைக் கண்ணால் கண்டு வளர்ந்தவர்களின் பாதிப்புக்கு ஏறத்தாழ இணையாக இருந்தது. தீப்புண்ணையும் நாவால் வந்த புண்ணையும் ஒப்பிட்டு வள்ளுவர் சொன்னதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். மருத்துவம் அதைத் தாமதமாகவே அளந்து பார்த்திருக்கிறது.

உடல்நோய்களுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைக் கண்டவர் ஒரு பொது மருத்துவர் என்பது எங்கள் துறையினர் நினைவில் வைக்கத்தக்கது. அமெரிக்காவின் சான் டியகோ நகரில் உடல் எடை குறைப்புப் பிரிவை நடத்திவந்த வின்சென்ட் ஃபெலிட்டி, நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே சிகிச்சையைப் பாதியில் விட்டுச் செல்வதைக் கவனித்தார். அவர்களிடம் பேசியபோது பலரின் சிறுவயதில் பெருந்துன்பங்கள் இருந்தது தெரியவந்தது. பின்னர் ராபர்ட் ஆண்டாவுடன் இணைந்து அவர் நடத்திய பெரிய ஆய்வின் முதல் அறிக்கை 1998ஆம் ஆண்டில் வெளியானது. 9,508 பேர் இடம்பெற்ற அவ்வறிக்கையில், திட்டுதலும் இழிவுபடுத்துதலும் சிறுவயதுத் துன்ப வகைகளுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டன. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைச் சந்தித்தவர்களுக்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி முதலியவற்றின் வாய்ப்பு, எதையும் சந்திக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. இதயநோய், நாள்பட்ட நுரையீரல் நோய் போன்றவையும் துன்பத்தின் எண்ணிக்கையோடு சேர்ந்தே உயர்ந்தன.

இதைத் தலைவிதி என்று எவரும் கொள்ள வேண்டியதில்லை. வாய்ப்பு கூடுகிறது என்பதே இதன் பொருள். கடுஞ்சொல் கேட்டு வளர்ந்தவர் பலர் நலமாக வாழ்கின்றனர். அப்பத்தாவோ, ஓர் ஆசிரியரோ, பக்கத்து வீட்டு ஆச்சியோ, "நீ நல்ல பிள்ளை" என்று சொல்லி அரவணைத்த ஒருவர் இருந்தாலே பிள்ளைக்குப் பெரும் காப்பு.

மருத்துவமனையில் அது காட்டும் முகங்கள்

கீழே கூறப்படுபவை பலரிடம் காணும் பொதுவான நிலைகள்; தனி ஒருவரைக் குறிப்பன அல்ல.

*வலியை மறைப்பவர்.* "நடிக்காதே", "இதற்கெல்லாமா அழுவார்கள்" என்று கேட்டு வளர்ந்தவர், நெஞ்சில் பாறை வைத்தாற்போல் அழுத்தியபோதும் விடியட்டும் என்று காத்திருப்பார். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை அழிகிறது. நெஞ்சு அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே 108ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலி மிகக் குறைவாகவே தெரியக்கூடும் என்பதால் அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வந்து பார்த்து ஒன்றுமில்லை என்றால் அது நல்ல செய்தியே. உங்களை நடித்தவர் என்று எவரும் எண்ணமாட்டார்.

*கேள்வி கேட்காதவர்.* கேள்வி கேட்ட போதெல்லாம் "அதிகப்பிரசங்கி" என்று பெயர் வாங்கியவர், மருத்துவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் போவார். இன்சுலினைச் சாப்பாட்டுக்கு முன் போடுவதா, பின் போடுவதா என்பது அவருக்குத் தெளிவாகியிராது. அந்த ஒரு கேள்வி கேட்கப்படாததால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழ நேரலாம்.

*பரிசோதனைக்கு வராதவர்.* மூன்று மாதச் சர்க்கரை அளவு கூடியிருக்கும் என்று தெரிந்தால் சிலர் அந்த மாதம் வருவதில்லை. பரிசோதனைத் தாள் அவர்கள் கண்ணுக்கு மதிப்பெண் அட்டையாகத் தெரிகிறது. மருத்துவர் நாற்காலியில் பழைய தந்தையோ ஆசிரியரோ அமர்ந்திருக்கிறார். உண்மையில், சர்க்கரை கூடிய மாதமே மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டிய மாதம்.

*தம்மைப் பாரமாக எண்ணுபவர்.* "எனக்காக எதற்கு இவ்வளவு செலவு?" என்று பெரியவர் ஒருவர் அறுவை சிகிச்சையை மறுக்கும்போது, அது சிக்கனமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன் கேட்ட "தண்டச்சோறு" என்ற சொல் அதற்குள் ஒளிந்திருக்கக்கூடும். உடனிருப்போர் செலவுக் கணக்கை மட்டும் பேசித் தீர்க்க முயலாமல், "நீங்கள் எங்களுக்கு வேண்டும், ஐயா" என்று வாய்விட்டுச் சொல்வது நல்லது.

புண்படுத்தியவரையே பராமரிக்க நேர்ந்தால்

இதுபற்றி வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு. ஆனால் உள்நோயாளர் பிரிவில் இது அரிதன்று. சிறுவயது முழுவதும் இழித்துப் பேசிய தந்தை பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். அவருக்குக் கஞ்சி ஊட்டுவதும் உடல் துடைப்பதும் அந்த மகளின் கடமையாகிறது. ஒருபுறம் இரக்கம், மறுபுறம் பழைய கோபம், அந்தக் கோபம் வந்ததற்காகக் குற்ற உணர்ச்சி. இம்மூன்றும் ஒரே நேரத்தில் எழுவது இயல்பே. அதனால் நீங்கள் கெட்ட பிள்ளை ஆகிவிடமாட்டீர்கள்.

இங்கே நினைவில் கொள்ள வேண்டியவை சில. முதலாவது, பராமரிப்பதும் மன்னிப்பதும் வெவ்வேறு செயல்கள். மன்னிக்க மனம் வராத ஒருவரும் நேரத்துக்கு மருந்து கொடுத்து நன்றாகப் பராமரிக்கலாம். இரண்டாவது, இப்போதாவது ஒரு பாராட்டுச் சொல் வரும் என்று எதிர்பார்த்து இரவுபகலாக உழைத்துத் தம் உடம்பைக் கெடுத்துக்கொள்வோர் உண்டு. உடன்பிறந்தாரோடு முறை வைத்துப் பணியைப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, மறதி நோயிலும், தொற்று அல்லது உப்புச்சத்துக் குறைவால் வரும் குழப்ப நிலையிலும் முதியவர்கள் கடுமையாகத் திட்டக்கூடும். பழைய சொற்களே மீண்டும் வரலாம். அது நோயின் பேச்சு; உங்களைப் பற்றிய தீர்ப்பு அன்று. திடீரென இப்படிப் பேசத் தொடங்கினால் செவிலியரிடம் உடனே தெரிவியுங்கள். அது மருத்துவம் செய்ய வேண்டிய குறியாக இருக்கலாம்.

நாமே செய்யக்கூடியவை

1. *அந்தச் சொல்லைப் பிடியுங்கள்.* தவறு நேர்ந்தவுடன் உங்களுக்குள் ஓடும் வாக்கியம் எது? அதை அப்படியே, கேட்ட பேச்சுமொழியிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். அது யாருடைய குரல், அப்போது உங்களுக்கு என்ன வயது என்பதையும் அருகில் குறியுங்கள். தம் எண்ணம் என்று இத்தனை நாள் நினைத்தது பிறருடைய சொல் என்று காண்பதே முதல் மாற்றம்.

2. *சான்று கேளுங்கள்.* "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பதற்கு எதிரான மெய்ச்செய்திகளை எழுதுங்கள். பிள்ளைகளைப் படிக்கவைத்தது, கடையை நடத்தியது, தாயை இறுதிவரை பார்த்துக்கொண்டது ஆகியவை சான்றுகள். ஆரோன் பெக் 1960களில் வகுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் அடிப்படை இதுவே.

3. *மாற்று வாக்கியம் ஒன்றை ஆக்குங்கள்.* "நான் மிகச் சிறந்தவன்" என்று மிகைப்படுத்த வேண்டியதில்லை. மனம் அதை நம்பாது. "இந்த மாதம் சர்க்கரை கூடிவிட்டது, அடுத்த மாதம் குறைக்க வழி கேட்பேன்" என்பது போன்ற நம்பக்கூடிய வாக்கியம் போதும்.

4. *எழுதிப் பாருங்கள்.* ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தம் மனத்துயரத்தை நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாள் எழுதிய மாணவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாடுவது குறைந்தது. எழுதும்போது துயரம் தாங்கமுடியாமல் பெருகினால் நிறுத்திவிடுங்கள்.

5. *மருத்துவரிடம் ஒரு வரி சொல்லுங்கள்.* "யாராவது கடிந்து பேசினால் எனக்கு ஒன்றும் மனத்தில் ஏறாது, மெதுவாகச் சொல்லுங்கள்" என்றால் போதும். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதி எடுத்து வாருங்கள். மருத்துவமனை ஊழியர் எவரேனும் மனம் புண்படப் பேசினால் அதையும் தெரிவியுங்கள். அது உங்கள் உரிமை.

எப்போது மனநல உதவி வேண்டும்?

இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை இருந்தாலோ, பழைய நிகழ்வுகள் கட்டுப்பாடின்றி மனத்தில் ஓடினாலோ, அவற்றை மறக்க மதுவை நாடினாலோ, சொந்தப் பிள்ளைகள் மீது அதே சொற்கள் பாய்வதை நிறுத்த முடியாவிட்டாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி இரவும் பகலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். துன்புறுத்தப்படும் குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு

குழந்தைகளுக்கான கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, தனது 17ஆம் பிரிவில் பள்ளிகளில் உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. வீட்டுக்குள் அந்தக் காவலை நாமே ஏற்க வேண்டும். கண்டிக்கும்போது செயலைச் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பெயர் சூட்டாதீர்கள். "கணக்கில் இந்த இடம் தவறு" என்பது திருத்தம். "நீ மக்கு" என்பது முத்திரை. பிறர் முன்னிலையில் கண்டிக்காதீர்கள். விருந்தினர் யாரேனும் நிறத்தையோ பருமனையோ சுட்டிப் பேசினால், பிள்ளையின் காதுபடவே, "எங்கள் பிள்ளையை அப்படிச் சொல்லாதீர்கள், அத்தை" என்று மரியாதையோடு மறுத்துவிடுங்கள். அந்த மறுப்பைப் பிள்ளை நெடுநாள் நினைவில் வைத்திருக்கும்.

குடும்பத்தில் ஒருவர் மருத்துவமனையில் இருக்கும் நாள்களில் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். களைப்பும் பணக் கவலையும் மிகுந்த வேளையில், "உன் தொல்லையால்தான் அம்மாவுக்கு நெஞ்சுவலி" என்று ஒரு சொல் வந்துவிடலாம். குழந்தை அதை முழு உண்மையாக ஏற்றுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சுமக்கும். அப்படிச் சொல்லிவிட்டீர்கள் எனில், அன்று இரவே பக்கத்தில் உட்காரவைத்து, "அம்மாவுக்கு வந்தது இதய நோய். அதற்கு நீ காரணமில்லை. அப்பா கோபத்தில் சொன்னது தவறு" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெற்றோர் தவற்றை ஏற்பதால் பிள்ளையின் மதிப்பு குறைவதில்லை. பிள்ளை பெரியவனாகி நாற்பது வயதை எட்டிவிட்டாலும் இதைச் சொல்லலாம். கட்டிலில் படுத்திருக்கும் தந்தை சொன்னாலும், கேட்கும் மகனுக்கு அது பயன்படும்.